ஒப்புதலுக்கு நிற்கும் கடிதம்

…அனுப்பிய மின்னஞ்சல் மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டதென்றால் ஒன்று ஆள் போய்விட்டான், இல்லை ஆள் இருக்கிறான் கடவுச்சொல்தான் போய்விட்டது, இரண்டில் எது என்று கணினிக்குத் தெரியாது, 'பெட்டி நிறைந்துவிட்டது' என்று மட்டும் அது சொல்லும், எதனால் நிறைந்தது என்பதை எலீசியோதான் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும், அதற்கென்று ஒரு நோட்டு, அதில் வீட்டு எண்கள், பெண்டாட்டி பெயர், பெண்டாட்டி இல்லாதவனுக்கு அக்கா பெயர், அக்காவும் இல்லாதவனுக்குப் பக்கத்து மளிகைக் கடை… போன மாதம் ஹெர்மினியோவின் பெட்டி இப்படித்தான் நிறைந்தது, கூப்பிட்டால் அவனே எடுத்தான், "செத்துட்டேனான்னு பாக்கறியா, இன்னும் இல்ல, மச்சான் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றான், இருவரும் சிரித்தார்கள், நோட்டில் ஹெர்மினியோ பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு சரி போட்டான். எல்லாத் தடவையும் அப்படி நடப்பதில்லை. சில வீடுகளில் மணி அடித்து நிற்கும்போதே, எடுத்தவர் வாய் திறக்குமுன்பே, தெரிந்துவிடும், மூச்சு விடுகிற விதத்தில் ஏதோ இருக்கும், பிறகு அவன் படைப்பிரிவின் இணையதளத்துக்குப் போய் 'திரும்பி வந்து போனவர்கள்' என்கிற பக்கத்தைத் திறந்து ஒரு வரி சேர்ப்பான். போரில் தீவிலேயே போனவர்களுக்கு ஒரு பக்கம், அது 1982 ஜூனோடு முடிந்துவிட்டது, அதில் இனி யாரும் கை வைக்க வேண்டியதில்லை, இரண்டாவது பக்கம்தான் வளர்ந்துகொண்டே இருக்கிறது, எப்படிப் போனார்கள் என்று அங்கே போடுவதில்லை, தேதி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பது ஒன்பதரை இருக்கும், ஜூன் மாதக் குளிர் ஆற்றிலிருந்து ஏறி வந்து முன்னாள் சலவை அறையின் தகர ஜன்னல் வழியே உள்ளே நுழைகிறது. சலவை இயந்திரத்தை மனைவி நில்தா சமையலறைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டதிலிருந்து இது அவன் அறை, சுவரில் இன்னும் தண்ணீர்க் குழாய் நிற்கிறது, அதன் கீழே மேசை, மேசைமேல் மேல்மூடி கழற்றிய கணினி. வாரத்தில் ஆறு நாள் அவன் நகரத்தின் நீரேற்று நிலையத்தில் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறான், பம்பு என்ன சொல்கிறது என்று சத்தத்தை வைத்தே தெரியும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்துத்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து ஒரு பழைய பாடப் புத்தகத்தை எடுத்துவந்து தளத்தை ஆரம்பித்தான், ஒவ்வொரு வரியையும் கையாலேயே அடித்தான், வானநீலப் பின்னணி, மூலையில் படபடக்கிற கொடி, எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண். பக்கம் திறந்ததும் ராணுவ அணிவகுப்பு இசை கேட்கும்படி வைத்திருந்தான், 'என் மனைவி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள், நான் அல்ல' என்று ஒருவன் எழுதினான், அது வேடிக்கையா உண்மையா என்று யோசித்து, அன்றே இசையை எடுத்துவிட்டான். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று போர் நடந்த தீவின் பெயரான மல்வினாஸ் என்பதன் பக்கத்தில் ஆங்கிலேயர் வைத்த ஃபாக்லாந்து என்ற பெயரையும் ஒரு தரம், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், போட்டிருந்தான், அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்ட பழைய தோழன் தாச்சோ தூண்டிற்புழு வாடையோடு நேரே வீட்டுக்கே வந்து நின்றான், "அந்தப் பேரை நம்ம பக்கத்துல போடுவியாடா, அதுக்குப் பதிலா என் நெத்தியில எழுதேன்" என்று அரைமணி நேரம், போகும்போது நில்தா கொடுத்த ரொட்டியை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டான். பெயர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு முகவரிகள், ஒரே படைப்பிரிவு, பாதிப் பேர் இந்தக் கொரியேந்தஸ் மாகாணத்துக்காரர்கள், மீதிப் பேர் பிழைக்கப் போன ஊர்களில்… வெள்ளிக்கிழமைதோறும் 'அன்புத் தோழர்களே' என்று தொடங்கி அவன் ஒரு கடிதம் அனுப்புவான், யாருக்கு அறுவைச் சிகிச்சை, யார் மகளுக்குக் கல்யாணம், ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு எந்தத் தாள் வேண்டும், மற்ற நாட்களில் மற்றவர்கள் எழுதுவார்கள், ஆனால் எவன் எழுதினாலும் முதலில் எலீசியோவிடம் வந்து நிற்கும், அவன் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தினால்தான் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகும்.

இப்போதும் ஒன்று நிற்கிறது, காலையில் கணினியைத் திறந்தபோதே பார்த்துவிட்டான், பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்த கடிதங்களை முதலில் முடித்துவிடலாம் என்று நோட்டை எடுத்தான், நோட்டு முடிந்துவிட்டது. அனுப்பியவர் என்ற இடத்தில் சிக்ஸ்தோ பரேதஸ் என்று இருக்கிறது. ஒன்பது வருடமாகப் பட்டியலில் இருக்கிறான் சிக்ஸ்தோ, சேர்ந்த நாளில் எலீசியோதான் அவன் பெயரைச் சேர்த்தான், ஒரு சொல் இல்லை, வணக்கம் இல்லை, வெறும் முகவரி, ரொசாரியோ நகரம், அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுதாதவர்கள் நிறையப் பேர் உண்டு, அதில் ஒன்றுமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக் கடிதத்தை அனுப்பும்போதெல்லாம் அது ரொசாரியோவிலும் போய் விழும் என்பது எலீசியோவுக்குத் தெரியும், தெரிந்தேதான் அன்புத் தோழர்களே என்று அடித்தான். எத்தனை வெள்ளிக்கிழமை, வருடத்துக்கு ஐம்பத்திரண்டு… கணக்குப் பார்த்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பெயர் இன்று தானாகவே வந்து ஒப்புதலுக்கு நிற்கிறது, பார்த்த உடனே தலைக்குள் தோன்றியது 'வந்துவிட்டான்' என்ற ஒரே சொல், பயம்கூட இல்லை, பம்பு நிலையத்தில் ரொம்ப நாளாக நடுங்கிக்கொண்டிருந்த குழாய் கடைசியில் விட்டுக்கொடுக்கும்போது வருமே, சரி இனி அதைப் பார்க்கலாம் என்று, அந்த மாதிரி.

ஆனால் எழுதியது சிக்ஸ்தோ இல்லை. 'வணக்கம். நான் யனினா, சிக்ஸ்தோ பரேதஸின் மகள். அப்பா மார்ச் மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருடைய முகவரியிலிருந்து எழுதுவதற்கு மன்னிக்கவும், உங்கள் பட்டியல் இதைத்தான் ஏற்றுக்கொள்கிறது. அப்பா பேக்கரியில் வேலை செய்தார். அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. மாவு பிசையும் இயந்திரத்தில் சிக்கியது என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். இப்போது அவருடைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போது 1982 ஜூலையில் ராணுவ மருத்துவமனை கொடுத்த சீட்டு கிடைத்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கிய காயம், குளிரால் விரல் நரம்பு பாதிப்பு என்று அதில் இருக்கிறது. அம்மாவுக்கும் இது தெரியாது. கட்டிவைத்து யார் அவரை அப்படிச் செய்தார்கள், எதற்காக என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? வழக்குப் போடுகிறவர்கள் சிலர் என்னிடம் பேசினார்கள், நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்பா உங்கள் கடிதங்களையெல்லாம் படித்திருக்கிறார், ஒன்றைக்கூட அழிக்காமல் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். நன்றி.' எலீசியோ இரண்டாம் தடவை படித்தான், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று கவனித்தான், பட்டியலில் வருகிற கடிதங்களில் இது அபூர்வம், பிறகு மார்ச் மாதம் என்பதைக் கவனித்தான், அப்படியானால் மூன்று மாதமாக அவன் ஒரு இறந்த மனிதனுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், பெட்டி நிறையாததால் நோட்டுக்கு வேலை வரவில்லை, 'திரும்பி வந்து போனவர்கள்' பக்கத்தில் ஒரு வரி பாக்கி. தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்றால்? எதற்கு வைத்திருப்பான்? மறுபடி படிக்கவா, படித்துச் சிரிக்கவா, இல்லை எந்த வெள்ளிக்கிழமையாவது அந்த வரி வரும் என்று பார்த்துக்கொண்டே…

சமையலறையில் நில்தா மாவை உருட்டுக் கட்டையால் தேய்க்கிற சத்தம், வானொலியில் யாரோ ஆற்று மட்டத்தை வாசிக்கிறார்கள். மாத்தே என்கிற இலைத்தேநீர்க் குடுவையில் சாரம் இறங்கிப்போய் வெறும் வெந்நீராக இருந்தது, அதையே உறிஞ்சிக்கொண்டிருந்தான். "எலீசியோ, யாராவது போயிட்டாங்களா" என்று அங்கிருந்தே கேட்டாள், அவன் உட்கார்ந்திருக்கிற முதுகைப் பார்த்தே கேட்பாள், "ரொசாரியோவுல ஒருத்தன், மார்ச்லயே" என்றான், "யாரு, எனக்குத் தெரிஞ்சவரா", "இல்ல, உனக்குத் தெரியாது", கட்டையின் சத்தம் ஒரு நொடி நின்று திரும்ப ஆரம்பித்தது, "தெரியாதவருக்கு நீ இவ்ளோ நேரம் உட்கார மாட்டியே" என்றாள், கேள்வியாக இல்லை, அதனால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியதில் அவளிடம் தீவைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான், ஈரக் காலுறைகளைப் பற்றி, பிரிட்டிஷ் கப்பல்களின் பீரங்கி எந்த நேரம் ஆரம்பிக்கும் என்பதைப் பற்றி, பிடிபட்ட பிறகு ஒரு ஸ்காட்லாந்துக்காரன் கொடுத்த சாக்லேட்டைப் பற்றி, சிக்ஸ்தோ என்ற பெயரை மட்டும் சொன்னதில்லை. மறைத்தான் என்று சொல்ல முடியுமா, அவள் கேட்கவில்லையே, இல்லாத பெயரை எப்படிக் கேட்பாள்… ஒரே பதுங்குகுழியில் ஏழு வாரம் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கியவனை விட்டுவிட்டு எப்படித்தான் அத்தனை கதைகளையும் சொல்ல முடிந்தது என்று இப்போது யோசித்தால் அதற்கு ஒரு திறமை வேண்டும் என்றே தோன்றியது, ஓடுகிற பம்பிலிருந்து ஒரு குழாயை மட்டும் கழற்றிவிட்டு தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்கிற திறமை.

மே மாதக் கடைசி. சாப்பாடு என்று வந்தது ஒரு நாளைக்கு ஒரு முறை, வெந்நீரில் எதுவோ மிதக்கும், சில நாள் அதுவும் வராது. துறைமுகத்துப் பக்கம் கிடங்கில் எல்லாம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், சிக்ஸ்தோதான் போனான், போகட்டுமா என்று கேட்கவில்லை, மதியத்துக்கு மேல் காணவில்லை, இருட்டுமுன் வந்தான், சட்டைக்குள் ஒரு தகர டப்பா, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு, வீட்டில் பாலாடைக்கட்டியோடு சாப்பிடுவார்களே அது, ஒரு கிலோ இருக்கும், துப்பாக்கிக் கத்தியால் குத்தித் திறந்து இருவரும் கையால் அள்ளித் தின்றார்கள், பாதி இவன், பாதி அவன், சரியாகப் பாதி, எலீசியோவுக்கு அதன் ருசி இன்னும் தெரியும், அதனால்தான் இந்த வீட்டில் அது வாங்குவதில்லை, பல்லுக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறான். மறுநாள் காலை கார்ப்பரல் டப்பாவைக் குழிக்குப் பக்கத்தில் எடுத்தான், துணை லெப்டினன்ட் வந்தார், தலைநகரத்துக்காரர், இருபத்துமூன்று வயது இருந்திருக்கும், அப்போது பெரிய ஆளாகத் தெரிந்தார், யார் எடுத்தது என்றார், நான்தான் என்றான் சிக்ஸ்தோ. தனியாவா என்றார். தனியாகத்தான் என்றான். எலீசியோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், நகத்திடுக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடாரம் அடிக்கிற முளை நான்கு கொண்டுவரச் சொன்னார், தரையில் படுக்கவைத்துக் கை இரண்டு கால் இரண்டு, கட்டுவதற்கு ஆள் வேண்டும், கண்ணை ஓட்டினார், அருகில் நின்றது எலீசியோ, நீ என்றார். அவ்வளவுதான், அருகில் நின்றது தவிர வேறு காரணம் இல்லை, இல்லை காரணம் அவருக்குத் தெரிந்திருந்ததா, நகத்தைப் பார்த்திருப்பாரா… சேறு மாதிரி ஊறிப்போன நிலம், முளை நிற்கவே இல்லை, இரண்டு தடவை பிடுங்கிக்கொண்டு வந்தது, மூன்றாவது தடவை கல்லுக்குப் பக்கத்தில் அடித்தான், ஆணியடிப்பது போல இருந்தது என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை, அது முளை, அடித்தான், கட்டினான். காலை பத்து மணியிலிருந்து எப்போது வரை? தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி சுமாருக்குக் கப்பல் குண்டு விழ ஆரம்பித்தது, எல்லோரும் குழிக்குள் இறங்கினார்கள், சிக்ஸ்தோ மேலே கிடந்தான், அது நின்று வெகு நேரம் கழித்து அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தது வேறு யாரோ. அன்று ராத்திரியே காலும் கையும் வீங்கி மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு எலீசியோ அவனைப் பார்த்ததில்லை.

மறுப்பு என்றும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், பட்டியலின் மூன்றாவது விதிப்படி தங்கள் கடிதம் வெளியிடப்படவில்லை என்ற வாசகத்தோடு, அந்த வாசகம் அவன் எழுதியது, விதியும் அவன் எழுதியது. ஒன்று, கட்சி அரசியல் வேண்டாம். இரண்டு, தீவில் கால் வைத்தவனா கரையில் நின்றவனா என்று யாரும் யாரையும் அளக்க வேண்டாம். மூன்று, நமக்குள் ஒருவர் ஒருவருக்குச் செய்ததைப் பற்றிய கடிதங்கள் வெளியிடப்படமாட்டா. தளம் தொடங்கிய முதல் வாரமே போட்டது, சண்டை வந்து பிரிந்துபோன மற்றப் படைப்பிரிவுகளின் பட்டியல்களை உதாரணம் காட்டி நியாயமாகத்தான் எழுதியிருந்தான், ஒருவரும் எதிர்க்கவில்லை. தாச்சோகூட. அதை மீறி வந்த கடிதங்களை அழிக்க மனம் வராமல் கணினியில் 'பிறகு' என்று ஓர் உறை வைத்து அதில் போட்டு வந்தான், முப்பத்தேழு இருக்கிறது, ஒருவனைப் பனிக்குட்டையில் நிற்கவைத்தது, ஒருவன் வாயில் துப்பாக்கியை வைத்தது, பெரும்பாலும் அதிகாரிகள், சிலதில் கட்டியவன், பிடித்தவன், பார்த்து நின்றவன்… அந்த முப்பத்தேழு பேரில் ஆறு பேர் இப்போது இரண்டாவது பக்கத்தில் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் கடிதத்தையும் அங்கே இழுத்துப் போட்டால் முப்பத்தெட்டு. ஒரு விரலசைவு. அவள் இன்னொரு முறை எழுதுவாள், அப்புறம் எழுதமாட்டாள், எல்லோரும் அப்படித்தான். இல்லையென்றால் அனுமதித்துவிட்டு பேசாமல் இருக்கலாம், யாராவது பதில் எழுதட்டும், பக்கத்துக் குழிகளில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள், பார்த்தார்களா, தூறலில் என்ன தெரிந்திருக்கும், தலையைத் தூக்கி எவன் பார்த்திருப்பான், பார்த்திருந்தால் இத்தனை வருடத்தில் ஒருவனாவது ஒரு தரம், குடித்துவிட்டாவது, சொல்லியிருக்கமாட்டானா?

தொலைபேசி அடித்தது, நில்தா மாவுக் கையோடு எடுத்து, "உன் புழுக்காரன்" என்று கொண்டுவந்து கொடுத்தாள், ஒலிவாங்கியில் மாவு ஒட்டியிருந்தது. தாச்சோ, அதாவது அனஸ்தாசியோ, ஆற்றங்கரையில் மீன்பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டிற்புழு விற்கிறவன், கணினியில் எதை எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதுகிறவன், தீவில் அடுத்த குழி. வழக்கமாகக் கூவிக்கொண்டுதான் பேசுவான், இன்று மெதுவாகப் பேசினான், பின்னால் படகு எஞ்சின் சத்தம். "கடிதம் வந்துச்சா" என்றான். எந்தக் கடிதம் என்று எலீசியோ கேட்டான். "நடிக்காதடா. அந்தப் பொண்ணு நேத்து எனக்கு போன் பண்ணிச்சு. தளத்துல என் கடை நம்பர் போட்டிருக்கியே, அதைப் பாத்துட்டு. பட்டியலுக்கு எழுதும்மா, எலீசியோ பாத்துக்குவான்னு நான்தான் சொன்னேன்." எலீசியோ ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்க நினைத்தான், அப்படிக் கேட்டால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். "நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அது என் வாயால வரக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றான் தாச்சோ. "நீ என்ன பாத்த" என்றான் எலீசியோ, தன் குரல் சாதாரணமாக இருப்பதைக் கவனித்தான், பம்பு நிலையத்தில் அழுத்தம் எவ்வளவு என்று கேட்பது போல. "எல்லாத்தையும் பாத்தேன். நான் மட்டுமா, ஹெர்மினியோ பாத்தான், அந்த மேட்டுல இருந்த பத்துப் பன்னெண்டு பேரும் பாத்தோம். எப்பவும் எல்லாருக்கும் தெரியும்டா." எஞ்சின் சத்தம் விலகிப்போனது. "அப்ப ஏன் இத்தனை வருஷம்…" என்றான் எலீசியோ. "நீ மூணாவது விதின்னு ஒண்ணு போட்டியே, போட்ட அன்னிக்கே எதுக்குப் போடறேன்னு தெரிஞ்சுபோச்சு. ஹெர்மினியோ எனக்கு போன் பண்ணி, விடுடா, அவனுக்கு வேணும்னா இருந்துட்டுப் போகட்டும், இல்லன்னா இந்தப் பட்டியலை யாரு நடத்துவான்னான். நீ ஒருத்தன்தானே நோட்டு வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் போன் பண்ற." அங்கே யாருக்கோ இதோ வரேன் என்று குரல் கொடுத்தான். "சரி, கடையில ஆள் வந்திருக்கு. மத்தியானம் மீன் வேணும்னா சொல்லு, சுருபி கிடைச்சிருக்கு" என்று வைத்துவிட்டான்.

ஆகவே மூன்றாவது விதி அவர்களுக்காக இல்லை, அவர்கள்தான் அதை அவனுக்காகக் கடைப்பிடித்தார்கள், ஒன்பது வருடம், பன்னிரண்டு பேர், சொல்லிவைத்தாற்போல… இதற்கு என்ன உணர வேண்டும் என்று எலீசியோ காத்திருந்தான், வெட்கம் வருமா என்று பார்த்தான், வந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை, கோபம்கூடக் கொஞ்சம் வந்தது, யார் இவர்களைக் கேட்டார்கள், பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஓய்வூதியத் தாளுக்குமாகப் பேசாமல் இருந்தார்களா, அல்லது பாவம் என்று இருந்தார்களா, இரண்டில் எது மோசம்? அந்த முப்பத்தேழு பேர் மட்டும்தான் இதில் சேராதவர்கள், அவர்களுக்கு யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அவர்கள் கடிதத்தை அவன் வாங்கி உறையில் போட்டு மூடினான், அதில் ஆறு பேர்… இந்த எண்ணத்தை அதற்கு மேல் போகவிடவில்லை. சமையலறைக்குப் போய் வெந்நீர் நிரப்பிக்கொண்டு வந்தான், புது இலை போட்டான், நில்தா நறுக்கிய நூடுல்ஸை மாவு தூவிய துணிமேல் பரப்பிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். "சிக்ஸ்தோன்னு பேரு" என்றான் வாசற்படியில் நின்றுகொண்டு, "செத்துப்போனவன். ஒரே குழியில இருந்தோம். சாப்பிட்டதுக்கப்புறம் சொல்றேன்." "சரி" என்றாள், "இப்பவே சொன்னாலும் கேப்பேன், கைதான் வேலையா இருக்கு." "மொதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்" என்றான்.

அனுமதியை அழுத்தினான். அது அழுத்த வேண்டிய வேலைதான், வேறொன்றும் இல்லை, திரையில் ஒரு நீலக் கோடு ஓடி நிறைந்தது, நானூற்றுப் பன்னிரண்டு, அதில் ஒன்று சிக்ஸ்தோவின் பெட்டியிலும் விழுந்தது, தான் எழுதியது தனக்கே வருவதை அந்தப் பெண் இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எல்லோருக்கும் பதில் என்பதைத் திறந்தான். அன்புத் தோழர்களே என்று விரல் பழக்கத்தில் அடித்துவிட்டது, அழித்தான், 'யனினா,' என்று அடித்தான். 'உன் அப்பாவைக் கட்டியது நான். என் பெயர் எலீசியோ ஒஹேடா. கட்டச் சொன்னவர் எங்கள் துணை லெப்டினன்ட். உன் அப்பா கிடங்கிலிருந்து ஒரு டப்பா இனிப்பு எடுத்துவந்தார். அதில் பாதியை நான் தின்றேன். தனியாகத்தான் எடுத்தாயா என்று கேட்டபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.' இதுவரை தடையில்லாமல் வந்தது, சட்டத்துக்குக் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி, வழக்குப் போடுகிறவர்களுக்கும் இது உதவும், அவர்கள் கூப்பிட்டால் போவேன் என்றும் ஒரு வரி சேர்த்தான். பிறகு 'இடது கையை நான் தளர்வாகத்தான் கட்டினேன்' என்று அடித்தான். அடித்துவிட்டுப் பார்த்தான். இருபத்தெட்டு வருடமாக அவனோடு இருக்கிற வரி அது, தூக்கம் வராதபோதெல்லாம் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்திருக்கிறான், விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டது, கார்ப்பரல் பார்க்காதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டது, எல்லாம் தெரியும்… ஆனால் மடங்காதது இடது கை விரல்கள் என்கிறாள். அப்படியானால் தளர்த்தியது வலதா? கயிறு ஈரத்தில் இறுகியிருக்குமா? அல்லது பிற்பாடு ஏதோ ஒரு ராத்திரி, இந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தளர்த்தினானா? வரியை அழித்தான். அதற்குப் பதிலாக வேறு வரி எதுவும் வரவில்லை. 'மூன்றாவது விதியை இன்றோடு எடுத்துவிடுகிறேன். அதன்படி நான் நிறுத்திவைத்த முப்பத்தேழு கடிதங்களை எழுதியவர்கள் சம்மதித்தால் வெளியிடுவேன், இறந்துபோனவர்களின் குடும்பத்தாரைக் கேட்பேன்' என்று முடித்து அனுப்பினான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பாதிப் பேர் கோயிலில் இருப்பார்கள், பாதிப் பேர் இறைச்சி சுடக் கரி மூட்டிக்கொண்டிருப்பார்கள். அவன் 'திரும்பி வந்து போனவர்கள்' பக்கத்தைத் திறந்து பரேதஸ், சிக்ஸ்தோ, மார்ச் 2010 என்று சேர்த்தான், தேதி தெரியவில்லை, பிறகு கேட்க வேண்டும். முதலில் வந்தது ஒரு விலகல், முகவரியை எடுத்துவிடு, காரணம் சொல்லவில்லை, பெயரைப் பார்த்தான், எடுத்துவிட்டான். அடுத்து தாச்சோ, பெரிய எழுத்தில், சுருபி ஒன்று ஒதுக்கி வைத்திருப்பதாக, அதையும் தவறாமல் எல்லோருக்கும் அனுப்பியிருந்தான், ஒப்புதலுக்கு நின்றது, கொஞ்சம் யோசித்து அனுமதித்தான். நில்தா தண்ணீர் கொதிக்கிறது வா என்று ஒரு தரம் கூப்பிட்டாள், வருகிறேன் என்றான். மூன்றாவது, யனினா, பட்டியலுக்கு இல்லை, அவனுக்கு மட்டும். இரண்டு வரிதான். 'படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லும் நிலையில் இல்லை. ஒன்று மட்டும் அம்மா கேட்கிறாள், கட்டும்போது அப்பா உங்களிடம் ஏதாவது சொன்னாரா?'

சொன்னான். அது எலீசியோவுக்கு உடனே ஞாபகம் வந்தது, தேடவே வேண்டியிருக்கவில்லை, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. நான்காவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது சிக்ஸ்தோ அவர்கள் வீட்டுப் பாஷையில், குவாரனியில், லெப்டினன்டுக்குப் புரியாத பாஷையில், மெதுவாகச் சொன்னான், "டேய், மூக்கு அரிக்குதுடா. கொஞ்சம் சொறிஞ்சு விடு." திட்டவில்லை, கெஞ்சவில்லை, குழிக்குள் முதுகோடு முதுகு உட்கார்ந்திருக்கும்போது கேட்பது போலவே கேட்டான். லெப்டினன்ட் திரும்பி, "என்ன சொல்றான் அவன்" என்றார், "ஒண்ணும் இல்லை, ஐயா" என்றான் எலீசியோ. இதை எழுதலாம், எழுத வேண்டும், ஒருவேளை அந்த அம்மாள் சிரிக்கக்கூடச் செய்வாள், சிக்ஸ்தோ அப்படிப்பட்டவன்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். 'சொன்னார்' என்று அடித்தான், 'மூக்கு அரிக்கிறது, சொறிந்துவிடு என்றார்', அடித்து நிறுத்தினான், ஏனென்றால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்பது தெரிந்துவிட்டது, யாரானாலும் அதைத்தான் கேட்பார்கள். தூறலில் நனைந்த அந்த முகம் தெரிகிறது, மூக்கு நுனியில் நின்ற சொட்டு தெரிகிறது, ஒண்ணும் இல்லை ஐயா என்று தான் சொன்னது கேட்கிறது, அதற்கு அடுத்தது அவன் எழுந்து நிற்கிறான், முழங்கால் இரண்டும் சேறு, லெப்டினன்டின் முதுகு தூரத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் கொஞ்சம் நேரம் இருந்திருக்க வேண்டும், அந்த முகத்துக்குக் கை போயிருந்தால் அப்போதுதான் போயிருக்கும். "எலீசியோ, ஆறிப்போகுது" என்றாள் நில்தா. அந்த முடிச்சைப் பற்றி இருபத்தெட்டு வருடம் யோசித்திருக்கிறான், மூக்கைப் பற்றி ஒரு தரமும் யோசித்ததில்லை, சொறிந்து விட்டேனா என்று இப்போது தன்னையே கேட்டால், தெரியவில்லை.